இன்வேட்டரை மாற்றுமுன் வயரின் இரு முனைகளையும் அளந்து பாருங்கள்

கிழக்கிலங்கையில் கல்முனையிலிருந்து பொத்துவில் வரை இரவில் வீதியோரம் நிற்கும் கொத்துரொட்டி வான், மீன் ஏற்றும் சின்ன லொறி, திருவிழாவுக்கு லைற்றும் சவுண்ட் செற்றும் கட்டிய வண்டி, உகந்தை முருகன் கோயிலுக்குச் சனத்தை ஏற்றிப் போகும் வான் எல்லாவற்றிலும் வரும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான். “பற்றரியும் புதுசு, இன்வேட்டரும் புதுசு. பிரிட்ஜைப் போட்ட உடனே கீ கீ எண்டு கத்திப்போட்டு நிக்குது.” பற்றரி மின்னை வீட்டு மின்னாக மாற்றும் இன்வேட்டர்தான் சரியில்லை என்று முடிவுகட்டி, அதைவிடப் பெரியதை வாங்கிப் பூட்டுகிறார்கள். அதுவும் கத்துகிறது. குறை அநேகமாகப் பற்றரிக்கும் இன்வேட்டருக்கும் நடுவிலுள்ள இரண்டு மூன்று மீற்றர் வயரிலும் அதன் முனைகளிலும் இருக்கிறது.

காரணம் கணக்கிலேயே தெரியும். 1000 வாற் சாமான் வீட்டில் 230 வோல்ற்றில் நாலு, நாலரை அம்பியர்தான் எடுக்கும். அதே 1000 வாற்றை 12 வோல்ற் பற்றரியிலிருந்து எடுத்தால், இன்வேட்டருக்குள் வீணாவதையும் சேர்த்து 100 அம்பியர் வரை ஓட வேண்டும். பற்றரி 3 மீற்றர் தள்ளி இருந்தால் போகவும் வரவும் 6 மீற்றர் வயர். 10 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் என்றால் அந்த வழியில் மட்டும் 1.1 வோல்ற்றுக்கு மேல் விழும். 25 என்றால் அரை வோல்ற்றுக்குச் சற்றுக் குறைவு, 35 என்றால் 0.33 வோல்ற். பெரும்பாலான 12 வோல்ற் இன்வேட்டர்கள் 10.5 வோல்ற் அளவில் கத்தி, 10 வோல்ற் அளவில் தாமே நின்றுவிடும். பாரம், அதாவது மின் சாமான், ஏற்றும்போது 11.5 காட்டும் நல்ல பற்றரியில்கூட மெல்லிய வயரும் பழுதான முனைகளும் சேர்ந்து இன்வேட்டரை நிறுத்திவிடும். பெரிய இன்வேட்டர் இதைத் தீர்க்காது. சும்மா இருக்கும்போதும் அது கூடுதலாகக் குடிக்கும், அவ்வளவுதான். சும்மா நிற்கையில் ஒரு அம்பியர் எடுத்தாலே ஒரு நாளில் 24 அம்பியர் மணி போய்விடுகிறது.

அளக்கும் முறை இது. பாரத்துக்கு 1000 வாற் இஸ்திரிப் பெட்டி போதும். சூடேறியதும் தானாக அணைந்துவிடும் என்பதால் அதற்குள் அளந்துவிட வேண்டும். போட்டதும் இன்வேட்டர் நின்றுவிட்டால், தண்ணீர் ஊற்றிய 400, 500 வாற் ரைஸ் குக்கரைப் போடுங்கள். மல்டிமீற்றரை டிசி (பற்றரி மின்) வோல்ற்றில் வைத்து முதலில் பற்றரியின் ஈய முனையையே தொட்டு அளக்க வேண்டும். அந்த முனையைக் கவ்வியிருக்கும் கிளாம்பில் வைத்தால் கிளாம்பின் குறை தெரியாமல் போய்விடும். பிறகு இன்வேட்டரின் பின்பக்க முனைகளில் அளந்து பாருங்கள். பற்றரியில் 11.9, இன்வேட்டரில் 10.6 என்றால் 1.3 வோல்ற் வழியில் தொலைகிறது. இரண்டிலும் 10.4 என்றால் பற்றரியைப் பார்க்க வேண்டும். இரண்டிலும் 12 வோல்ற் இருந்தும் இன்வேட்டர் நின்றுவிட்டால்தான் இன்வேட்டரையோ பாரத்தையோ சந்தேகிக்க நியாயம் உண்டு. பாரம் ஏற்றாமல் எடுத்த அளவு ஒன்றுக்கும் உதவாது. கறள் பிடித்த முனையும் அப்போது 12.6 என்று நல்ல பிள்ளையாகக் காட்டும்.

மல்டிமீற்றரை அம்பியரில் வைத்துப் பற்றரி முனைகளைத் தொடாதீர்கள், அது நேரடி ஷோர்ட். 100 அம்பியரை அளக்க, வயரைச் சுற்றிக் கவ்வும், டிசி காட்டும் கிளாம்ப் மீற்றர் வேண்டும். மலிவான கிளாம்ப் மீற்றர்கள் பல ஏசியை (வீட்டு மின்னை) மட்டும் அளப்பவை, பற்றரி வயரில் மாட்டினால் பூச்சியம் காட்டும்.

வழியில் எங்கே விழுகிறது என்பதையும் அதே பாரத்தோடு கண்டுபிடிக்கலாம். மல்டிமீற்றரின் ஒரு புரோப் (தொடும் ஊசி) ஈய முனையில், மற்றது கிளாம்பில். பிறகு கிளாம்புக்கும் லக்குக்கும் (வயர் நுனியில் அழுத்திய வளைய முனை), லக்குக்கும் பியூசுக்கும் என்று அடியடியாக நகர்த்துங்கள். நல்ல இணைப்பில் சில மில்லிவோல்ற்தான் வரும். ஒரு லக்கில் 50 மில்லிவோல்ற்றைத் தாண்டினால் கழற்றிப் பார்க்க வேண்டும்.

கழற்றினால் அடிக்கடி காண்பது வாசர் மாறிக் கிடப்பது. லக் முனையோடு நேரே ஒட்டவேண்டும், அதன் மேல் வாசர், ஸ்பிரிங் வாசர், நட். லக்குக்கு அடியில் இரும்பு வாசர் கிடந்தால் 100 அம்பியரும் அதற்குள்ளால்தான் போகும், அந்த இடம் கொதிக்கும். சுத்தியலால் அடித்து நசித்த லக் வண்டி ஓடும் ஆட்டத்தில் தளரும், ஹைட்ரோலிக் கிரிம்ப் கருவியால்தான் அழுத்த வேண்டும். செம்பு பூசிய அலுமினிய வயர் வேறு ஒரு தொல்லை. கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். அதே தடிப்புள்ள செம்பு வயரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வோல்ற்றை விழுத்தும்.

எங்கள் கரையில் உப்புக்காற்று இதை இன்னும் மோசமாக்குகிறது. கல்லடியிலோ அறுகம்பையிலோ கடலோரம் நிற்கும் வண்டியில் வயரின் உறைக்குள்ளேயே செம்பு பச்சையாகி, பிறகு கறுத்துப் போகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. லக்கிலிருந்து ஓர் அங்குலம் உறையைச் சீவிப் பார்த்து, கறுப்பென்றால் பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டிவிடுங்கள். வெள்ளீயம் பூசிய வயரும், உள்ளே பசையுள்ள, சூட்டில் சுருங்கும் குழாயும் விலை கூடினாலும் கடற்கரை வண்டிக்கு அதுதான் மலிவு. வாஸ்லீன் பூசுவதானால் இறுக்கிய பிறகு மேலே பூசுங்கள். மைனஸ் வயருக்குப் பதிலாக வண்டிச் சேசியை (இரும்புச் சட்டத்தை) நம்பவும் வேண்டாம்.

பியூசை மறக்கவே கூடாது. பியூஸ் வயரைக் காப்பாற்றத்தான், இன்வேட்டரை அல்ல. 35 சதுர மில்லிமீற்றர் வயருக்கு 150 அம்பியர் ஏஎன்எல் (போல்ட்டில் இறுக்கும் பெரிய வகை) பியூஸ், பற்றரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கவேண்டும். பியூஸ் இல்லாத வயர் சேசியில் உரசித் தோல் போனால் வண்டியே எரியும்.

பற்றரிதான் குற்றவாளி என்றால்: ஈய அமிலப் பற்றரி சார்ஜும் பாரமும் இல்லாமல் சில மணி நேரம் இருந்தபின் 12.7 காட்டினால் நிறைவு, 12.2 பாதி. அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீற்றரில் மற்ற அறைகள் 1.250 காட்ட ஒன்று மட்டும் 1.150 என்றால் அந்த அறை செத்துவிட்டது. கச்சான் காற்று வீசும் காலத்து வெயிலில் தண்ணீர் வேகமாக வற்றும், காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டுமே விடுங்கள். லித்தியம் பற்றரி திடீரென்று பூச்சியத்துக்குக் கிட்ட வோல்ற் காட்டினால் செத்ததாக எண்ண வேண்டாம். உள்ளிருக்கும் பிஎம்எஸ் எனும் காவல் சுற்று கட்டாகியிருக்கும், லித்தியத்துக்குரிய சார்ஜரைப் போட அநேகமாக விழிக்கும்.

லொறிகளில் இன்னொரு பழக்கம் உண்டு. 24 வோல்ற் வண்டியின் இரண்டு பற்றரிகளில் ஒன்றில் மட்டும் வயர் தட்டி 12 வோல்ற் இன்வேட்டரை ஓட்டுவது. தட்டிய பற்றரி சார்ஜ் குறைந்தே கிடக்கும், மற்றது மிகைச் சார்ஜில் கொதிக்கும், கடைசியில் இரண்டும் போகும். 24 வோல்ற் இன்வேட்டர் வாங்குங்கள். மின்னோட்டமும் பாதியாகக் குறையும்.

எல்லாம் சரியாக இருந்தும் பிரிட்ஜ் மட்டும் எழும்பாவிட்டால் அதன் தொடக்க இழுப்பைப் பாருங்கள். ஓடும்போது 100 வாற் எடுப்பது, தொடங்கும் கணத்தில் அதன் ஐந்தாறு மடங்கைக் கேட்கலாம். படிபடியான அலை தரும் மொடிஃபைட் சைன் இன்வேட்டரில் கொம்பிரசர் முனகிச் சூடாகும், பிரிட்ஜுக்கு வீட்டு மின்போல் சீரான அலை தரும் பியூர் சைன்தான் வேண்டும். இன்வேட்டர் அரை மணி ஓடி நின்று, ஆறியபின் மீண்டும் ஓடினால் அது சூடு. சம்மாந்துறைப் பக்கம் அறுவடைக் காலத்தில் இன்வேட்டரின் காற்றாடியில் நெல்தூசு அடைத்துக் கிடக்கும்.

வீட்டில் நிறுத்தும்போது மின்சார சபையின் மின்னை இன்வேட்டரின் வெளிப்பக்கத்தோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். லைவ், நியூட்ரல் இரண்டையும் வெட்டி, சபை மின்னா இன்வேட்டரா என்று மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இடையில் வேண்டும். மின் கசிந்தால் தானே விழும் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதென்று மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. இன்வேட்டரின் நியூட்ரல் எர்த்தோடு கட்டப்படாவிட்டால் டெஸ்ட் பொத்தானுக்கு அது விழும், ஆனால் ஆளுக்கு மின் தாக்கும்போது விழாமல் இருக்கலாம். அந்த இணைப்பையும் இன்வேட்டரின் கைநூல் அனுமதித்தால் மட்டுமே, தகுதியுள்ள மின்வேலையாளைக் கொண்டு போடுங்கள். மலிவான மொடிஃபைட் சைன் இன்வேட்டர்கள் பல அந்த இணைப்பிலேயே எரிந்துவிடும்.