எம்.பி.ஓ. கனெக்டர்: பல்லிழை இணைப்பியும் அதன் பூணும்

லாகோஸ், மொம்பாசா, ஜோகன்னஸ்பர்க் நகரங்களின் தரவு மையங்களுக்கு வாங்கும் சாமான் பட்டியலில் 'எம்.பி.ஓ.' என்ற மூன்றெழுத்து அடிக்கடி தென்படும். 'மல்டி-ஃபைபர் புஷ்-ஆன்' என்பதன் சுருக்கம் அது. பல ஒளியிழைகளை ஒரே செருகலில் இணைப்பதால் 'பல்லிழை இணைப்பி' என்றால் போதும். 'புஷ்-ஆன்' என்பது திருகாமல் தள்ளினாலே பூட்டிக்கொள்ளும் என்பதைச் சொல்கிறது. அதையும் பெயருக்குள் திணிக்க வேண்டாம்.

'எம்.டி.பி.' என்பதை வேறொரு வகை என்று பலர் நினைக்கிறார்கள். அது யு.எஸ். கோனெக் நிறுவனத்தின் வணிகப் பெயர். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும்.

கனெக்டர் என்ற சொல்லின் வேர் லத்தீன்: 'கான்' என்றால் சேர்த்து, 'நெக்தெரே' என்றால் கட்டுதல். தமிழின் 'இணை' ஜோடியைக் குறிக்கும் சொல். ஆகவே 'இணைப்பி' மூலத்தைவிடப் பொருத்தமாகவே அமைந்துவிட்டது, ஏனென்றால் இங்கே எதுவும் கட்டப்படுவதில்லை. இரண்டு முகங்கள் எதிரெதிரே வந்து ஒட்டி நிற்கின்றன, அவ்வளவுதான். இழைகளை உருக்கி நிரந்தரமாகச் சேர்ப்பது வேறு வேலை. அதற்கு 'ஒட்டு' என்ற சொல்லே நல்லது. மாங்கன்றில் போடும் ஒட்டுப் போலத்தான்.

இணைப்பியின் உள்ளே இழை நுனிகளைப் பிடித்து நிறுத்தும் துண்டுக்கு 'ஃபெருல்' என்று பெயர். வளையல் என்று பொருள்படும் லத்தீன் 'விரியா'விலிருந்து பிறந்த 'விரியோலா', அதாவது சின்ன வளையல், பிரெஞ்சு வழியாக வந்து, இரும்பைக் குறிக்கும் 'ஃபெர்ரும்' என்ற சொல்லின் சாயலை ஏற்று இந்த வடிவம் பெற்றது. கைத்தடியின் நுனியில் மாட்டும் உலோக வளையத்தையும் அதே சொல்லால் குறித்தார்கள். தமிழில் அதற்கு என்ன பெயர்? பூண். உலக்கைப் பூண், தடிப் பூண் என்பவை நமக்குப் பழகியவை. அதே பூண் அணிகலனையும் குறிக்கும். நகையிலிருந்து நுனிக் காப்புக்கு இரு மொழிகளும் தனித்தனியே வந்து சேர்ந்திருக்கின்றன. கலைச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை.

பல்லிழைப் பூண் வட்டமாக இருக்காது. ஜப்பானின் தொலைபேசி நிறுவனமான என்.டி.டி. 1980களில் உருவாக்கிய இந்த நீள்சதுரப் பூணின் முகம் 6.4 × 2.5 மி.மீ. அதில் 12 இழைகள் 0.25 மி.மீ. இடைவெளியில் ஒரே வரிசையாக நிற்கின்றன. ஓர் இழை மட்டும் செல்லும் எஸ்.சி. இணைப்பிக்கு வெட்டிய துளையிலேயே இதன் அடாப்டரும், அதாவது இரண்டு இணைப்பிகளை எதிரெதிரே பிடிக்கும் கூடும், உட்காரும். இதைப் பற்றிச் சொல்லும்போது வரும் 'ஹை டென்சிட்டி'யின் பொருள் இந்த இடச் சிக்கனம்தான். 'உயர் அடர்த்தி' என்பதைவிட 'மிகுசெறிவு' காதுக்கு இதமாக இருக்கிறது.

வரிசையின் இரு புறமும் 0.7 மி.மீ. விட்டமுள்ள முளைகள் உண்டு. முளையுள்ளது ஆண், துளையுள்ளது பெண். இரண்டு ஆண்களை எதிரெதிரே தள்ளினால் முளைகள் மோதிப் பூண் பழுதாகும். இரண்டு பெண்கள் மோதாமல் பூட்டிக்கொள்ளும், ஆனால் நேர்ப்படுத்த எதுவும் இல்லாததால் ஒளி வீணாகும். சுவிட்சில் செருகி ஒளியை அனுப்பவும் பெறவும் செய்யும் மாட்யூலுக்குள் முளை இருக்கும்; அதில் செருகும் வடம் பெண்ணாக இருக்க வேண்டும்.

இணைப்பியின் மேலே துருத்தி நிற்கும் 'கீ'யைச் சாவி என்று மொழிபெயர்க்காதீர்கள், எதையும் திறப்பதில்லை. அது புடைப்பு. 'ஏ' வகை வடத்தில் ஒரு முனையின் புடைப்பு மேலும் மறுமுனையின் புடைப்பு கீழும் இருக்கும். 1ஆம் இழை 1க்கே போகும். 'பி' வகையில் இரண்டும் மேலே. 1ஆம் இழை 12க்குப் போகும். நொடிக்கு 40 கிகாபிட் வேகமுள்ள 40ஜி எஸ்.ஆர்.4 மாட்யூல் 1 முதல் 4 வரை அனுப்பி, 9 முதல் 12 வரை பெறுகிறது. நடுவே நான்கு சும்மா கிடக்கும். இரண்டு மாட்யூல்களை நேராக இணைக்க 'பி' வேண்டும். 'ஏ' போட்டால் அனுப்பும் வாய்க்கு எதிரே அனுப்பும் வாயே நிற்கும், இணைப்பு கிடைத்ததைக் காட்டும் விளக்கு எரியாது.

போர்ச்சுகலிலிருந்து தென்னாப்பிரிக்கா செல்லும் ஈக்வியானோ கடலடி வடம் 2022இல் லோமே, லாகோஸ், ஸ்வகோப்முண்ட் கரைகளைத் தொட்டது. அதில் 12 இழைச் சோடிகள்தான். செறிவு தேவைப்படுவது கரையில், சர்வர்களும் சுவிட்சுகளும் நிறைந்த அறைகளில். ஆலையிலேயே முனை பூட்டி வரும் வடத்துக்கு அங்கே ஒட்டுவேலை இல்லை. ஆனால் நீளத்தை முன்கூட்டியே துல்லியமாக அளக்க வேண்டும், கெட்ட பூணைத் தளத்தில் மெருகேற்றிச் சரிசெய்யவும் இயலாது.

மேற்கு ஆப்பிரிக்காவில் பெரிய தொல்லை ஹர்மட்டான். நவம்பர் முதல் மார்ச் வரை சகாராவின் நுண்தூசியைச் சுமந்துவரும் காற்று. ஒளிக்கு ஒரே பாதை தரும் சிங்கிள்மோட் இழையில் ஒளி ஓடும் நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான்தான். ஒரே துகள் அதை மறைத்துவிடும். பல்லிழைப் பூணில் இன்னொரு கேடும் உண்டு: ஓர் இழையருகே சிக்கிய துகள் இரு முகங்களையும் விலக்கிப் பிடித்து, அண்டை இழைகளையும் தொடவிடாமல் செய்யும். ஆகவே நுண்ணோக்கியில் பார்த்து, உலர் துடைப்பியால் துடைத்து, மறுபடி பாருங்கள். கறை போகாவிட்டால் 99% ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து உடனே உலர்த்துங்கள். இரு முனைகளுக்கும் இதைச் செய்ய வேண்டும். முளைகளின் அடியில் அழுக்கு ஒதுங்கும். புதிதாகப் பிரித்தது என்று விட்டுவிடாதீர்கள், மூடியே தூசி உதிர்க்கும்.

ஆர்டரில் 'எம்.பி.ஓ. வடம்' என்று மட்டும் எழுதினால் தவறானது வந்து சேரும். இப்படி எழுதுங்கள்: 12 இழை, சிங்கிள்மோட், 8 பாகை சாய்முகப் பூண், இருமுனையும் முளையில்லாதது, பி வகை, 30 மீட்டர்.