லென்ஸைக் கழற்றும் முன் ஷட்டர் வேகத்தைப் பாருங்கள்

சென்ற வாரம் ஒருவர் 150-600 மி.மீ. ஜூம் லென்ஸைப் பையிலும், அதிலிருந்து கழற்றிய திருகுகளைக் காகிதப் பொட்டலத்திலும் கொண்டுவந்து, லென்ஸ் பழுதுபார்க்கும் என் மேசையில் வைத்தார். "பறவைப் படம் எதுவுமே ஷார்ப்பா வரலை சார். வீடியோ பார்த்து மவுண்டைக் கழற்றினேன், வளையம் மாதிரி என்னவோ விழுந்துது" என்றார். அந்த வளையத்துக்குப் பெயர் ஷிம். லென்ஸைக் கேமராவில் பூட்டும் மவுண்டுக்கு அடியில் இருக்கும் மெல்லிய தகடு. லென்ஸுக்கும் படம் பதியும் சென்சாருக்கும் உள்ள தூரத்தை, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கணக்கில் சரிசெய்து வைப்பது அதுதான். மூன்று விழுந்ததாக நினைவு என்றார். பொட்டலத்தில் இரண்டுதான் இருந்தன.

அவர் எடுத்த மீன்கொத்திப் படத்தின் அசல் ஃபைலைத் திறந்தேன். 600 மி.மீ., ஷட்டர் 1/160 நொடி, ஐஎஸ்ஓ (பதிந்த வெளிச்சத்தை எவ்வளவு தூக்கிக் காட்டுவது என்ற அளவு) 200, கையில் பிடித்து எடுத்தது. பறவையின் கண்ணில் புள்ளியாகத் தெரிய வேண்டிய ஒளி, சின்னக் கோடாக இழுபட்டிருந்தது. அது உட்கார்ந்திருந்த கிளையின் கணுவும் அதே திசையில் அதே அளவுக்கு இழுபட்டிருந்தது. ஃபோகஸ் தவறினால் ஒளிப்புள்ளி வட்டமாக ஊதிப் பரவும். எல்லாமே ஒரே பக்கம் கோடாக இழுபட்டால் அது கை நடுக்கம். அவர் திருகில் கை வைக்கும்வரை லென்ஸ் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

ஏன் இவ்வளவு மெதுவாக, 1/160 என்று கேட்டேன். "ஐஎஸ்ஓ ஏத்தினா நாய்ஸ் வந்துடும்னு சொன்னாங்க."

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. படத்தில் பொரிப்பொரியாகத் தெரியும் அந்த நாய்ஸுக்கு முதல் காரணம் வெளிச்சக் குறைவு. சென்சாருக்கு எவ்வளவு வெளிச்சம் போகிறது என்பதை ஷட்டரும், லென்ஸின் திறப்பான அப்பர்ச்சரும் தீர்மானிக்கின்றன, ஐஎஸ்ஓ எண் அல்ல. ஷட்டரை வேகமாக்கினால் வெளிச்சம் குறையும், நாய்ஸ் கூடும், உண்மைதான். அதற்காக ஐஎஸ்ஓவை 200-இலேயே பூட்டி வைத்து, இருட்டாக எடுத்து, கம்ப்யூட்டரில் மூன்று ஸ்டாப் (எட்டு மடங்கு வெளிச்சம்) தூக்கினால் என்ன மிஞ்சும்? 1600-இல் நேராக எடுத்திருந்தால் வந்திருக்கும் அதே நாய்ஸ்தான். பல கேமராக்களில் அதைவிட மோசமாகவே வரும். நாய்ஸை மென்பொருளில் பெருமளவு குறைக்கலாம். இழுபட்டுப்போன இறகின் வரிகளைத் திரும்பக் கொண்டுவர முடியாது. தயவுசெய்து 1600-க்கும் 3200-க்கும் பயப்படாதீர்கள்.

மேனுவல் மோடில் ஷட்டரையும் அப்பர்ச்சரையும் நீங்கள் வையுங்கள், ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள். கிளையில் அசையாமல் இருக்கும் பறவைக்குக்கூட, பழகும்வரை 1/500-க்குக் கீழே இறங்க வேண்டாம். பறக்கும் பறவைக்கு 1/2000, படபடவென்று சிறகடிக்கும் சிறு பறவைக்கு அதற்கும் மேலே. சிறிய சென்சார் உள்ள கிராப் சென்சார் கேமராவில் 600 மி.மீ. கிட்டத்தட்ட 900 போல நடந்துகொள்ளும், நடுக்கமும் அதே கணக்கில் பெரிதாகத் தெரியும். லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்பார்கள். அது உங்கள் கையின் அசைவைத் தாங்கும், பறவையின் அசைவை அல்ல.

முன்னால் மாட்டிய மலிவான ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும். உச்சிவெயிலில் தூரத்துப் பறவை அலையலையாகத் தெரிந்தால் அது சூடான காற்றின் வேலை, எந்த லென்ஸாலும் சரிசெய்ய முடியாது. டிஎஸ்எல்ஆர் மெனுவில், ஃபோகஸ் விழும் இடத்தை முன்னும் பின்னும் நகர்த்தும் ஏஎஃப் ஃபைன் ட்யூனை, பறவைப் படத்தை வைத்துக்கொண்டு திருத்தாதீர்கள். கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி, அசையாத அட்டையைப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை அது. அதில் -18 வரை தள்ளிவிட்டு, பக்கத்தில் இருப்பதெல்லாம் மங்கல் என்று வருகிறார்கள்.

பூ எடுப்பவர்களின் புகார் வேறு மாதிரி. "செம்பருத்தியில நடுத்தண்டு தெளிவா இருக்கு, இதழ் மங்கலா இருக்கு, மேக்ரோ லென்ஸ் பழுதா?" பழுதில்லை. பொருளின் உண்மை அளவிலேயே சென்சாரில் படம் விழும் நெருக்கத்தில், அப்பர்ச்சரைச் சுருக்கி f/8 வைத்தாலும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான் தெளிவாகும். மூச்சு விட்டால்கூட நழுவிவிடும். f/32 வரை மூடினால் ஒளி சிதறி மொத்தப் படமும் மிருதுவாகிவிடும். கொஞ்சம் பின்வாங்கி எடுங்கள், அல்லது ஃபோகஸை நகர்த்தி நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். காற்றடித்தால் காத்திருங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் சந்தேகம் தீரவில்லையா, லென்ஸோடு மூன்று நான்கு படங்களையும் கொண்டு வாருங்கள். கேமராவில் இருந்து வந்தபடியே வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கியும் விவரங்கள் அழிந்தும் வரும், எனக்கு உதவாது. ஸ்க்ரூ டிரைவரை மட்டும் எடுக்காதீர்கள்.

அவருடைய லென்ஸ் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. காணாமல் போன ஷிம்மின் தடிமன் தெரியாததால் ஒவ்வொரு தகடாக வைத்து, பூட்டி, அளந்து, மறுபடி கழற்றிக்கொண்டிருக்கிறேன்.