சளிக்காகத் தள்ளிப்போட்ட ஊசி

மறுபடியும் ஒரு குழந்தை. எட்டு மாதம். இரண்டு நாளாகக் காய்ச்சல், பால் குடிக்கவில்லை, தூக்கினால் இன்னும் வீறிடுகிறது. உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தேன். மெத்தென்று இருக்க வேண்டிய இடம் விம்மி நின்றது. முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீர் கலங்கலாக வந்தது. மூளையைச் சுற்றிய உறையில் பாக்டீரியா தொற்றும் மூளையுறை அழற்சி (மெனிஞ்சைட்டிஸ்). தடுப்பூசி அட்டையில் முதல் தவணைக்கு மட்டும் முத்திரை. கீழே எல்லாம் காலி.

"ஒவ்வொரு தடவையும் சளி இருந்துச்சு டாக்டர். சரியானதும் போட்டுக்கலாம்னு..."

இந்த 'சரியானதும்' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. கைக்குழந்தைக்கு வருடத்தில் 6, 7 தடவை சளி பிடிப்பது சாதாரணம். மூக்கு ஒழுகாத நாளுக்காகக் காத்திருந்தால் அந்த நாள் வரவே வராது. மூக்கொழுகல், லேசான இருமல், இளஞ்சூடு, ஆன்டிபயாடிக் குடித்துக்கொண்டிருப்பது, இவை எதுவும் ஊசியைத் தள்ளிப்போடக் காரணமே இல்லை. மூளையுறை அழற்சியைத் தடுக்கும் இந்த ஊசிகளில் உயிருள்ள கிருமி கிடையாது. இருக்கிற சளியை அவை கூட்டாது. குழந்தை நிஜமாகவே துவண்டு கிடந்தால், அல்லது முந்தைய தவணையில் கடும் ஒவ்வாமை வந்திருந்தால், அது வேறு. அதையும் நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்.

வேடிக்கை என்னவென்றால், இந்த நோயைத் தரும் ஹிப், நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் என்ற மூன்று பாக்டீரியாக்களும் தங்குவது அதே மூக்கிலும் தொண்டையிலும்தான். அவற்றின் சர்க்கரை உறையை 2 வயதுக்குள் உடம்பு சரியாக அடையாளம் காணாது. அதனால்தான் அந்த உறையை மட்டும் வைத்து 1985இல் வந்த முதல் ஹிப் ஊசி கைக்குழந்தைகளுக்கு உதவவில்லை. உறையைப் புரதத்தோடு இணைத்துச் செய்த பிறகே அவர்களுக்கும் போட முடிந்தது.

"மூளைக்காய்ச்சல் ஊசிதான் போட்டாச்சே" என்பவர்களுக்கு: கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸுக்கான ஊசி வேறு, இது வேறு. அட்டையை எடுத்துப் பெயரைப் பாருங்கள்.

காய்ச்சலோடு குழந்தை பால் மறுத்தால், எழுப்பினாலும் கண் சொருகினால், கண்ணாடி டம்ளரால் அழுத்தியும் மறையாத செம்புள்ளிகள் தெரிந்தால், உடனே கிளம்புங்கள். பச்சைக்குழந்தைக்குக் கழுத்து விறைக்காமலும் இருக்கலாம். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் சிரப்பைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். அரைகுறையாக அடங்கிய கிருமியைப் பரிசோதனையில் பிடிப்பது பெரும்பாடு.

அந்தக் குழந்தை பிழைத்துவிட்டது. செவித்திறன் சோதனையில் இடது காது பதில் சொல்லவில்லை.

தவணை விட்டுப்போயிருந்தால் கூச்சப்படாமல் வாருங்கள். திட்ட மாட்டேன். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போடலாம். மூக்கு ஒழுகினால் ஒழுகட்டும், துடைக்கத் துணி ஒன்று எடுத்து வாருங்கள்.