சுங்குடிப் புள்ளியும் பிளஸ் ஆறு கண்ணாடியும்

மேலூரில் இருக்கும் என் தங்கையின் மகளுக்கு நான்கு வயதில் இரண்டு கண்ணுக்கும் பிளஸ் ஆறு பவரில் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். கண்ணாடி வந்த அன்று மாலை அவள் அம்மாச்சியின் மடியில் உட்கார்ந்து, அவர் கட்டியிருந்த சுங்குடிச் சேலையின் வெள்ளைப் புள்ளிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே, "அம்மாச்சி, இதெல்லாம் எப்ப வந்துச்சு?" என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து அவள் பார்த்துவரும் சேலை அது. தெளிவான உலகத்தை ஒருமுறைகூடக் கண்டிராத குழந்தை, தனக்கு மங்கலாகத் தெரிகிறது என்று எப்படிச் சொல்லும்?

பிறக்கும்போது கண்ணின் முன்பின் நீளம் ஏறத்தாழ 17 மில்லிமீட்டர். வளர்ந்தவர்களுக்கு அது 24 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்குப் பிறவியிலேயே கொஞ்சம் பிளஸ் பவர் உண்டு. கண் நீள நீள அது தானாகவே குறைந்துவிடும். சில கண்கள் அந்த அளவுக்கு நீள்வதில்லை. ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலே ஏறக்குறைய 3 டயாப்டர் (பவரை அளக்கும் அலகு) பவர் வந்துவிடும். பிம்பம் விழித்திரைக்குப் பின்னால் விழப் பார்க்கும். பவர் என்பது ஒன்றைக் குவியத் தொலைவால், அதாவது மீட்டரில் அளந்த தொலைவால், வகுத்து வரும் எண். பிளஸ் ஆறு லென்ஸை முற்றத்து வெயிலில் பிடித்தால், சுமார் 17 சென்டிமீட்டருக்குக் கீழே ஒளி சிறு புள்ளியாகக் குவிவதைத் தரையிலேயே காணலாம். நடுவில் தடித்த லென்ஸ் என்பதால் அதன் வழியே குழந்தையின் கண்கள் பெரிதாகத் தெரிகின்றன. ஓரம் தடித்த மைனஸ் லென்ஸில் சிறுத்துத் தெரியும்.

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸைத் தசையால் உப்பவைத்து, இந்தக் குறையைக் குழந்தையே ஓரளவு சரிக்கட்டிக்கொள்ளும். அந்த முயற்சிக்கும் கண்கள் மூக்குப் பக்கம் திரும்புவதற்கும் ஒரே நரம்பிணைப்பு இருப்பதால், அளவுக்கு மீறி முயலும் குழந்தையின் ஒரு கண் உள்ளே திரும்பிவிடுகிறது. இது மாறுகண்ணில் ஒரு வகை. மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லி மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடும் வீடுகள் நம் பக்கம் இன்னும் இருக்கின்றன; அதை நினைக்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது.

தசை இப்படி ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தால் உண்மையான பவர் பரிசோதனையில் வெளிப்படாது. அதனால்தான் அட்ரோபின் போன்ற மருந்தைக் கண்ணில் இட்டுத் தசையைத் தளர்த்திவிட்டு அளக்கிறார்கள். சிவனுக்குச் சூட்டும் ஊமத்தையிலும் இருக்கும் வேதிப்பொருள்தான் இது. நஞ்சும்கூட என்பதால், மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக்கூடாது. சில நாட்களுக்கு வெயிலில் கண் கூசும், பிறகு சரியாகிவிடும்.

1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய மதுரையில், கண் வைத்தியம் என்றாலே தாத்தாவின் கண்புரை அறுவைதான் முதலில் நினைவுக்கு வரும். அந்தப் பழக்கத்தில், பிள்ளையின் கண்ணையும் பொறுத்துப் பார்க்கலாம் என்று எண்ணிவிடுகிறோம். தாத்தாவின் மூளை சிறுவயதிலேயே பார்க்கக் கற்றுவிட்டது. புரை நீங்கியதும் பார்வை திரும்பும். குழந்தையின் மூளை இப்போதுதான் கற்கிறது. ஹூபெல், வீசல் என்ற இரு அறிஞர்கள் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைப் பிறந்த சில வாரங்களில் மூடிவைத்துப் பின்னர் திறந்தபோது, கண் நலமாகவே இருந்தும், மூளையின் பார்வைப் பகுதியில் பெரும்பாலான செல்கள் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லவில்லை. வளர்ந்த பூனையிடம் இதையே செய்தபோது அப்படி எதுவும் நேரவில்லை. 1981-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மங்கல் பிம்பமே பெற்று வளரும் கண்ணையும் மூளை இப்படித்தான் ஒதுக்குகிறது. அதுவே சோம்பேறிக் கண். சுமார் ஏழெட்டு வயதுக்குள் சிகிச்சை தொடங்கினால் பலன் மிகுதி. அதன் பிறகு ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிறது. ஒரு கண்ணில் மட்டும் பவர் கூடுதலாக இருந்தால் பெரும்பாலும் வெளியே எந்த அடையாளமும் தெரியாது என்பதால், பள்ளியில் சேர்க்கும் முன் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகப் பரிசோதிப்பது அவசியம்.

கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்ற பேச்சில் உண்மை இல்லை. என் தங்கையையும் ஒரு விஷயம் கலங்கடித்தது: கண்ணாடி வந்தபின், அதைக் கழற்றினால் கண் முன்னைவிட அதிகமாகத் திரும்புவதுபோல் தெரிந்தது. தெளிவுக்குப் பழகிய குழந்தை கண்ணாடி இல்லாத நேரத்திலும் அதே தெளிவைத் தேடிக் கூடுதலாக முயல்வதால்தான் அப்படி நேர்கிறது. மாட்டியதும் கண் நேராகிவிடும்.

ஆகவே தூங்கும் நேரம், குளிக்கும் நேரம் தவிர எப்போதும் கண்ணாடி கண்ணில் இருக்க வேண்டும், லென்ஸின் நடுப்பகுதி கண்மணிக்கு நேராகவும் இருக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பிரேம் மூக்கில் சரிந்து, அவள் மேல்விளிம்புக்கு மேலாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பார்க்கும் நேரமெல்லாம் கண்ணாடி போடாத நேரம்தான். சின்ன வட்டப் பிரேமாக மாற்றி, பின்தலையைச் சுற்றி எலாஸ்டிக் பட்டை கட்டிய பிறகு பிரேம் சரியாமல் நின்றது.