பிராடிகைனின்: பைய அசைப்பது

கிரேக்கத்தில் ‘பிராடிஸ்’ என்றால் மெதுவான, ‘கினெய்ன்’ என்றால் அசைத்தல். குமரிக்காரர்களுக்கு ஒரே சொல்லில் புரியும்: பைய. பிராடிகைனின் என்பது ரத்தத்தில் உண்டாகும் ஒரு பொருளுக்கு 1949இல் பிரேசிலில் மருந்தியலாளர் ரோச்சா எ சில்வாவும் உடன் ஆய்ந்தவர்களும் வைத்த பெயர். ஜராராக்கா பாம்பின் நஞ்சை ரத்தப் பிளாஸ்மாவின் குளோபுலின் என்ற புரதத்தோடு கலந்து, கினிப்பன்றிக் குடல் துண்டின்மேல் விட்டார்கள். ஒவ்வாமையின்போது உடல் வெளியிடும் ஹிஸ்டமின் பட்டால் சட்டென இழுக்கும் குடல், இதற்குத் தாமதித்துப் பையச் சுருங்கியது. ஜராராக்காவும் விரியன் வகைதான், நம் அணலிக்குத் தூரத்துச் சொந்தம். நஞ்சுக்குள் பிராடிகைனின் கிடையாது. நஞ்சின் நொதி ரத்தப் புரதத்தை வெட்டும்போது உதிரும் ஒன்பது அமினோ அமிலத் துணுக்கு அது.

பெயர் குடலுக்குத்தான் பொருந்தும். மயக்கிய கினிப்பன்றியின் ரத்தக்குழாயில் கிலோவுக்குச் சில மைக்ரோகிராம் செலுத்தினாலே மூச்சுக்கிளைக்குழல்கள் விரைவில் சுருங்கிவிடும். அளக்கும் முறை எளிது: மூச்சுக்குழலில் குழாய் செருகி, பம்பால் ஒரே அளவு காற்றை ஏற்றுவார்கள். நுரையீரல் ஏற்க மறுத்து வழியும் காற்றின் அளவே சுருக்கத்தின் அளவு.

இங்கே தவறும் எளிதில் நேரும். பிராடிகைனின் அட்ரினல் சுரப்பியையும் தூண்டும். அங்கிருந்து வரும் அட்ரினலின் குழலைத் தளர்த்திவிட, சுருக்கம் குறைவாகத் தெரியும். அட்ரினலின் வேலையைத் தடுக்கும் புரோப்ரனலால் மருந்தைக் கொடுத்தால்தான் முழு உருவம் வெளிப்படும். ஆஸ்பிரின் முன்னதாகக் கொடுத்தால், ரத்தக்குழாயில் செலுத்திய பிராடிகைனினின் வேலை பெருமளவு அடங்கும். கினிப்பன்றி இதற்கு மிகவும் கூருணர்வு உள்ள விலங்கு என்பதால், அதன் அளவுகளை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது.

ஹார்மோன் என்று சொல்லலாமா? ‘உள்ளூர் இயக்குநீர்’ என்பதே சரி. தேவையான இடத்தில் பிறந்து, ஒரு நிமிடத்துக்குள் சிதைந்துவிடும். சிதைப்பதில் முக்கியமானது நுரையீரல் ரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள ஏசிஇ நொதி. ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் விழுங்குவோரில் சிலருக்கு வறட்டு இருமல் வருவதற்கு, இந்த நொதி தடைப்பட்டு பிராடிகைனின் தேங்குவதே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால் வேறு வகைக்கு மாற்றுவார்.

தமிழில் ‘மெல்லியக்கி’ என்று ஆக்கலாம். ஆனால் ‘மெல்லிய’ என்ற பொருள் குறுக்கே வரும். பிராடிகைனின் என்றே எழுதுவது நல்லது. கவனம் வேண்டியது மூச்சுக்குழலுக்கு நேர்வதைச் சொல்லும் சொல்லில்: தசை இறுகினால் ‘சுருக்கம்’, சுவர் வீங்கி வழி குறைந்தால் ‘ஒடுக்கம்’, சளி நிறைந்தால் ‘அடைப்பு’. ஊரில் மூன்றுக்கும் இழுப்பு என்றே பெயர்.