முடி கொட்டாத நாய் கேட்டு வருபவர்களுக்கு

இந்தக் கிழமையும் ஒன்று வந்தது. பூடில் என்ற சுருள்முடி நாய் இனத்தின் கலப்பு, கடுவன், ஒன்றரை வயது. மேலால் பார்த்தால் வடிவாகத்தான் இருந்தது. விரலை உள்ளே விட்டால் தோல் வரை போகவில்லை. காதுக்குப் பின்னால், கால் இடுக்கில், கழுத்துப்பட்டிக்குக் கீழே, வாலடியில் எல்லாம் முடி திரண்டு தோலோடு இறுகிப் போயிருந்தது. தொட்டாலே கத்தியது, அதனால் மயக்க மருந்து கொடுத்து மெஷினால் வழித்தெடுத்தோம். கீழே தோல் சிவந்து, ஈரமாக, நாற்றத்தோடு இருந்தது. வாலடியில் புழு.

வீட்டுக்காரர் மோசமான மனிதர் இல்லை. நாயை அடிப்பவருமில்லை, பட்டினி போடுபவருமில்லை. "முடி கொட்டாத சாதி எண்டுதானே டொக்டர் தந்தவங்க, அதான் நாங்க ஒண்டும் செய்யல்ல" என்றார். இதையே ஆள் மாற்றி ஆள் சொல்லிக் கேட்டு அலுத்துப் போனதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இந்த நாய்கள் நம்ம ஊருக்கு வந்து சேரும் வழி ஏறக்குறைய ஒன்றுதான். கனடாவிலோ லண்டனிலோ உள்ள சித்தப்பா வீட்டில் ஒரு சுருள்முடி நாய் இருக்கும். வீடியோ கோலில் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு அழுவார்கள். பிறகு பேஸ்புக்கில் ஒரு விளம்பரம். லப்ரடூடில், கொக்கப்பூ, மல்டிபூ, கவப்பூ என்று பெயர்கள்; லப்ரடோர், கொக்கர், மோல்டீஸ், கவலியர் இனங்களோடு பூடிலைக் கலந்தவை. காசு கட்டினால் கொழும்பிலிருந்து இரவு வாகனத்தில் ஒரு பெட்டிக்குள் குட்டி மட்டக்களப்புக்கு வந்து இறங்கும். விளம்பரத்தில் மூன்று வாக்குறுதிகள் கட்டாயம் இருக்கும்: முடி கொட்டாது, அலர்ஜி வராது, பிள்ளைகளோடு நன்றாகப் பழகும். மூன்றையும் அப்படியே நம்பி வாங்குபவர்கள்தான் என் மேசைக்கு வருகிறார்கள். (சுருள்முடி இருந்தால் எல்லாமே பூடில் கலப்பு என்று விற்பதும் நடக்கிறது. சிலதைப் பார்த்தால் ஷிட்சூவும் லயன் பொமேரியனும் சேர்ந்தது போலத்தான் எனக்குத் தெரிகிறது. அது வேறு கதை.)

முதலில் முடி. எந்த நாயின் முடியும் வளரும், வளர்ச்சி நிற்கும், உதிரும். லப்ரடோரின் முடி குட்டையாக வளர்ந்து சீக்கிரம் உதிர்ந்துவிடும், அதனால் வீடெல்லாம் முடி. பூடிலின் முடி நிற்காமல் நீளமாக வளர்ந்துகொண்டே போகும். உதிர்கிற கொஞ்ச முடியும் சுருளுக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வராது. அதாவது நிலத்தில் விழ வேண்டிய முடி நாயின் உடம்பிலேயே கிடக்கிறது. நிலத்தைக் கூட்டும் வேலை மிச்சம், ஆனால் அந்த வேலை அப்படியே நாயின் உடம்புக்கு இடம் மாறிவிட்டது. இழுத்து எடுத்துவிட ஆளில்லையென்றால் உதிர்ந்த முடியும் வளரும் முடியும் பின்னி முடிச்சாகும். முடிச்சு இறுகித் தோலை இழுக்கும். உள்ளே காற்றுப் போகாது, ஈரம் காயாது. மிச்சத்தை மேலே சொல்லிவிட்டேன்.

கலப்பில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. முடி யாருடையதாக அமையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் ஒன்றுக்குப் பூடில் சுருள் வரும், ஒன்றுக்கு அலையலையாக வரும், ஒன்றுக்கு லப்ரடோரின் முடி வந்து தாராளமாகக் கொட்டும். எட்டுக் கிழமைக் குட்டியின் மெல்லிய முடியைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் குட்டி முடி போய் வளர்ந்த நாயின் முடி வரும். முடிச்சு கூடுதலாக விழுவது அந்த மாதங்களில்தான். "ஆறு மாதம் வரை ஒரு பிரச்சினையும் இருக்கவில்லை டொக்டர்" என்பார்கள். அதுவரை இருக்கவே இருக்காது!

என் அறை வாசலில் பூனையோடு காத்திருந்த ஒரு அம்மம்மா, இப்படி ஒரு நாயைப் பார்த்ததுமே சொன்னார்: "மனே, இதுக்குப் பொம்புளப் புள்ளைக்குப் போல நாளும் தலை இழுத்து விட வேணும் போலயே." விளம்பரம் போடுபவர்கள் சொல்லாத உண்மையை அவர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்.

இரண்டாவது வாக்குறுதி இன்னும் மோசம், ஏனென்றால் அதை நம்பி இளைப்பு உள்ள பிள்ளை இருக்கும் வீட்டுக்கு நாயை வாங்குகிறார்கள். நாயால் வரும் அலர்ஜிக்குக் காரணம் முடி அல்ல. நாயின் உமிழ்நீரிலும் தோல் செதிலிலும் சிறுநீரிலும் உள்ள புரதங்கள்தான் காரணம். முடி அதைச் சுமந்து திரியும், அவ்வளவுதான். முடி கொட்டாத நாய்க்கும் உமிழ்நீர் உண்டு, அது உங்கள் பிள்ளையின் முகத்தை நக்கத்தான் போகிறது. 2012இல் நெதர்லாந்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். அலர்ஜி தராது என்று பெயர் எடுத்த இனங்களின் முடியில், லப்ரடூடில் உட்பட, முக்கியமான அந்தப் புரதம் மற்ற நாய்களைவிடக் கூடுதலாகவே இருந்தது. வீட்டுக் காற்றில் அளந்தபோது குறைவு என்று சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

இந்தக் கதை தொடங்கிய இடத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. 1980களின் இறுதியில் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், பார்வையற்றோருக்கு வழிகாட்டி நாய் பழக்கும் நிறுவனத்தில் வேலை செய்த வாலி கொன்ரன் என்பவர்தான் லப்ரடோரையும் பூடிலையும் இதற்கெனக் கலந்தார். ஹவாயில் இருந்த பார்வையற்ற ஒரு பெண்ணுக்கு நாய் தேவைப்பட்டது, அவருடைய கணவருக்கு நாய் அலர்ஜி. பிறந்தவை மூன்று குட்டிகள். மூன்றின் முடியையும் உமிழ்நீரையும் ஹவாய்க்கு அனுப்பிப் பார்த்தபோது, ஒன்றே ஒன்றுதான் அந்த மனிதருக்கு ஒத்துக்கொண்டது. முதல் ஈற்றிலேயே மூன்றில் ஒன்று! அதுவும் சோதித்துப் பார்த்த பிறகு. பின்னாளில் கண்டபடி இனப்பெருக்கம் செய்து விற்பதைப் பார்த்து, இதைத் தொடங்கி வைத்ததற்காகவே கொன்ரன் வருந்தினார். நம்ம விளம்பரக்காரருக்கோ ஒரு வருத்தமும் இல்லை.

வீட்டில் யாருக்காவது இளைப்போ தும்மலோ இருந்தால், வாங்கப்போகும் அந்த நாயோடேயே பல தடவை நேரம் செலவழித்துப் பாருங்கள். மனிதர்களைப் பார்க்கும் டொக்டரிடமும் கேளுங்கள். சிலருக்குக் கடுவன் நாயில் மட்டும் உண்டாகும் ஒரு புரதம்தான் ஒத்துக்கொள்ளாது, அப்படிப்பட்டவர்கள் பெட்டை நாயோடு சமாளிக்கலாம். அதைப் பரிசோதித்துத்தான் அறியலாம், பேஸ்புக்கில் அறிய முடியாது.

"கலப்பு என்றால் நோய் வராதுதானே?" என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. இடுப்பு மூட்டுக் கோளாறு லப்ரடோருக்கும் உண்டு, பெரிய பூடிலுக்கும் உண்டு. இரண்டையும் கலந்தால் அது எங்கே போகும்? கொக்கர் கலந்தால் காது நோய், கவலியர் கலந்தால் இருதய வால்வு நோய், சின்னப் பூடில் கலந்தால் முழங்கால் சில்லு விலகல். லண்டன் ரோயல் மிருக வைத்தியக் கல்லூரி 2024இல் கொக்கப்பூ, லப்ரடூடில், கவப்பூ மூன்றையும் தாய் தந்தை இனங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. பெரும்பாலான நோய்களில் வித்தியாசமே இல்லை.

சரி, நாய் ஏற்கனவே வீட்டில் இருக்கிறது என்றால் என்ன செய்யலாம்?

ஒரு கம்பிமுள் பிரஷ், ஒரு உலோகச் சீப்பு. இரண்டும் வேண்டும். பிரஷ் மேல் முடியை மட்டும் சீராக்கிவிட்டு எல்லாம் சரி என்று உங்களை ஏமாற்றும். முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பிடித்து, தோலடியிலிருந்து நுனி வரை சீப்புத் தடையில்லாமல் போகிறதா என்று பாருங்கள். நாளும் செய்தால் பத்து நிமிடத்தில் முடியும். கிழமைக்கு ஒருக்கால் என்று விட்டால் நாய்க்கும் உங்களுக்கும் சண்டை. இதைக் குட்டியிலேயே, முடி குறைவாக இருக்கும்போதே, ஏதாவது தின்னக் கொடுத்துப் பழக்க வேண்டும். குளிக்க வார்ப்பதற்கு முன் சீவுங்கள். முடிச்சோடு நனைத்தால் அது காயும்போது இன்னும் இறுகும். முடிச்சை வீட்டுக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். முடிச்சு தோலையும் சேர்த்து இழுத்து வைத்திருக்கும், அதனால் கத்தரிக்கோலில் வெட்டுப்படுவது தோல்தான். தையல் போட வரும் நாய்களை எண்ணவே விருப்பமில்லை.

நம்ம காலநிலைக்கு இந்த நாய்களின் முடியைக் கட்டையாக வைத்திருப்பதே புத்தி. ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு ஒருக்கால், ஒரு சென்ரிமீற்றருக்குக் குறையாமல் விட்டு வெட்டினால் போதும். தோல் தெரிய வழித்தால் வெயில் சுடும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நடை என்றால் விடியற்காலையும் பொழுது சாய்ந்த பிறகும்தான். தார் ரோட்டில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள், உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. மதியத்தில் நாயை மோட்டார் வண்டிக்குள் விட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு "அஞ்சு நிமிசம்" என்று கடைக்குப் போகவே போகாதீர்கள்.

கல்லடிக் கடலில் இறங்கி விளையாடட்டும், வாவியிலும் இறங்கட்டும், பூடிலே தண்ணீருக்குள் வேட்டைப் பறவை எடுத்துவர வளர்க்கப்பட்ட நாய்தான். ஆனால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் தோல்வரை உலர்த்த வேண்டும். தொங்கும் காது, உள்ளே முடி, ஈரம்: மூன்றும் சேர்ந்தால் காதில் பூஞ்சணம். காதைத் துடைக்கப் பஞ்சு போதும், குச்சியை உள்ளே விட வேண்டாம். மாரியில் வெள்ளம் தேங்கி நிற்கும்போது எலிக் காய்ச்சல் நாய்க்கும் வரும், அதற்கும் தடுப்பூசி உண்டு.

உண்ணி. இந்த முடிக்குள் உண்ணி இருப்பது கண்ணுக்குத் தெரியாது, கையால் தடவித்தான் தேட வேண்டும். காது மடல், விரல் இடுக்கு, கழுத்து. உண்ணிக் காய்ச்சலில் நாய் சோர்ந்து சாப்பிடாமல் கிடக்கும், ஈறு வெளிறும், சிலவேளை மூக்கால் இரத்தம் வரும், சிறுநீர் கறுக்கும். அன்றைக்கே கொண்டு வாருங்கள். மண்ணெண்ணெய் பூசுவது, வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கலந்து குளிக்க வார்ப்பது இரண்டும் நாயைக் கொல்லும். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், செய்யாதீர்கள். காய்ச்சலுக்குப் பனடோலும் வேண்டாம்.

இப்போது மூன்றாவது வாக்குறுதி, குணம். பூடில் மிகக் கூர்மையான நாய். லப்ரடோர் ஓயாத நாய். இரண்டும் சேர்ந்ததை நான்கு சுவருக்குள் பூட்டி, அம்மா அப்பா வேலைக்கும் பிள்ளைகள் பாடசாலைக்கும் பிறகு டியூசனுக்கும் போனால், அந்த மூளை வேறு வேலை தேடும். செருப்பு, கதிரைக் கால், கதவு, விடாத குரைப்பு. "சேட்டைக்கார நாய்" என்று அடிப்பதால் ஒன்றும் ஆகாது. காலையும் மாலையும் நடை, கொஞ்ச நேரம் பழக்கம், மோந்து தேடச் சோற்றை ஒளித்து வைப்பது, இவை போதும். தனியே இருப்பதையும் குட்டியிலிருந்தே சில நிமிடங்களாகத் தொடங்கிப் பழக்குங்கள். இவை ஆட்களோடு ஒட்டிக்கொள்ளும் நாய்கள், திடீரென்று நாள் முழுக்க விட்டுப் போனால் பதறும்.

குட்டி ஏறக்குறைய மூன்றாவது கிழமையிலிருந்து பதினான்காவது கிழமைக்குள் எதைப் பார்த்துப் பழகுகிறதோ, அதற்குப் பிற்காலத்தில் அவ்வளவாகப் பயப்படாது. ஐந்து கிழமையில் தாயிடமிருந்து பிரித்துப் பெட்டியில் அனுப்பிய குட்டி, கடிக்கிற பலத்தை அடக்கத் தன் கூடப்பிறந்தவற்றோடு விளையாடியே படித்திருக்காது. எட்டுக் கிழமைக்கு முன் தருகிறேன் என்பவரிடம் வாங்க வேண்டாம். தீபாவளி வெடிக்கும் கோவில் வெடிக்கும் ஒளிந்து நடுங்கும் நாயை இழுத்து வெளியே விடாதீர்கள், உள் அறையில் விளக்கோடும் பாட்டுச் சத்தத்தோடும் வையுங்கள்.

பிள்ளைகளோடு பழகும் என்பது நாய் மட்டும் செய்கிற வேலை இல்லை. சாப்பிடும்போது, படுத்திருக்கும்போது கிட்டப் போகக் கூடாது, கட்டிப்பிடித்து முகத்தோடு முகம் வைக்கக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். சின்னப் பிள்ளையையும் நாயையும் தனியே விட வேண்டாம், எவ்வளவு சாது என்றாலும். நான் பார்த்த கடிகளில் பல, முடிச்சு இழுபட்டோ காது நொந்தோ இருந்த நாயைப் பிள்ளை அணைத்தபோது நடந்தவை. குணம் கெட்ட நாய் என்று கொண்டுவந்தார்கள், காதுக்கு மருந்து விட்டதும் குணம் திரும்பியது.

கடித்தாலும் பல்லுப் பட்டுக் கீறினாலும் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "விலை கூடின நாய், வீட்டை விட்டு வெளியே போகாது" என்பதெல்லாம் விசர்நாய்த் தடுப்பூசி போடாமல் இருக்கக் காரணமில்லை. வருடாவருடம் போட வேண்டும். குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோய்களான பாவோ, டிஸ்டெம்பர் இரண்டுக்குமான ஊசிகளை ஆறு முதல் எட்டாவது கிழமைக்குள் தொடங்கி, மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை பதினாறாவது கிழமை வரை போடுங்கள். ஒன்று போட்டுவிட்டு நிறுத்தினால் போடாததற்குச் சமம். அட்டையில் ஊசிப் புட்டியின் ஸ்டிக்கரும் வைத்தியரின் கையெழுத்தும் இல்லையென்றால், விற்றவர் வாயால் சொன்ன ஊசியை நான் கணக்கில் எடுக்க மாட்டேன்.

குட்டி வந்து இறங்கிய முதல் கிழமையிலேயே கொண்டு வாருங்கள், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும். சீப்பையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். எப்படிப் பிடித்து இழுப்பது என்று காட்டித் தருகிறேன், அதற்குக் காசு கேட்க மாட்டேன். ஒரு வருடம் கழித்து மயக்க மருந்து கொடுத்து வழிக்கத்தான் காசு கேட்பேன்.