விப்ரியோவை மட்டும் கொல்லும் பெப்டைடு கிடைக்குமா?

இறால் குஞ்சு பொரிப்பகத்தில் இரவு விளக்கை அணைத்ததும் தொட்டித் தண்ணீர் நீலப்பச்சையாக ஒளிர்ந்தால் ஆபத்து. ஒளிரும் விப்ரியோ ஹார்வேயி பாக்டீரியா பெருகிவிட்டது என்று அர்த்தம். இராமநாதபுரம் கடற்கரையில் இறால் வளர்ப்பவர்களுக்கு விப்ரியோ என்ற பெயர் நன்றாகவே தெரியும்.

ஆன்டிபயாடிக் போட்டால் என்ன? கண் சிறுத்த வலையில் குஞ்சு மீனும் சேர்ந்து மாட்டுகிற கதைதான். நல்ல பாக்டீரியாக்களும் செத்துப்போகும். காலியான தண்ணீரில் முதலில் பெருகுவது, வேகமாக வளரும் விப்ரியோவேதான். எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமிகள் உருவாகும். மருந்தின் எச்சம் தெரிந்தால் ஏற்றுமதிச் சரக்கும் திரும்பி வரும்.

சரி, அதே கடலில் நீலக்கால் நண்டு எப்படிப் பிழைக்கிறது? ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் சுமார் பத்து லட்சம் பாக்டீரியாக்கள் உண்டு. நண்டுக்கோ நம்மைப்போல் ஆன்டிபாடி கிடையாது. அதன் இரத்த அணுக்களில் பாக்டீரியாவைக் கொல்லும் பெப்டைடுகள், அதாவது அமினோ அமிலங்கள் கோர்த்த குட்டிச் சங்கிலிகள், தயாராக இருக்கின்றன. 1987இல் மைக்கேல் சாஸ்லாஃப் என்ற ஆய்வாளர் ஆப்பிரிக்கத் தவளையின் தோலில் கண்ட மாகைனின் என்ற பெப்டைடு வெறும் 23 அமினோ அமிலம்தான்.

இவற்றில் பலவும் நேர்மின்னூட்டம் கொண்டவை. பாக்டீரியாவின் வெளிப்பரப்போ எதிர்மின்னூட்டம் கொண்டது. ஈர்ப்பில் ஒட்டிக்கொள்ளும் பெப்டைடு, தன் கொழுப்பு விரும்பும் பக்கத்தைச் சவ்வுக்குள் நுழைத்துக் கிழிக்கிறது. நம் செல்லின் வெளிப்புறம் கிட்டத்தட்ட மின்னூட்டமற்றது, கொலஸ்டிராலும் இருக்கிறது. அதனால் பெரும்பாலும் தப்புகிறது.

இங்கேதான் கடல் உயிரிகள் மீது எனக்குத் தனி ஆர்வம். உப்பு கூடினால் இந்த மின் ஈர்ப்பு தளரும்; மெக்னீசியம் விப்ரியோவின் வெளிச்சவ்வை இறுக்கிப் பிடிக்கும். நிலத்து உயிரிகளின் பெப்டைடுகள் பல உப்பில் சோர்ந்துவிடுகின்றன. நண்டின் இரத்தமோ ஏறக்குறைய கடலளவு உப்பு. அதற்குள் வேலை செய்யும் பெப்டைடு இறால் குட்டைக்கும் பொருந்த வாய்ப்பு அதிகம். மண்டபத்திலும் பாம்பனிலும் கரைக்கு வரும் நண்டிலேயே தேடலைத் தொடங்கலாம்.

தேடும் முறை பொறுமையைக் கேட்பது. கால் மூட்டிலிருந்து ஊசியில் இரத்தம் எடுத்து, அணுக்களைச் சுழற்றிப் பிரித்து, அமிலத்தில் கரைத்துச் சாறெடுப்பார்கள். அதை நிறப்பிரிகைக் கருவியில் செலுத்திப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் விப்ரியோ வளரும் தட்டில் சொட்டு வைப்பார்கள். எந்தச் சொட்டைச் சுற்றி வளர்ச்சி நிற்கிறதோ, அதிலுள்ள பெப்டைடின் அமினோ அமில வரிசையை, மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் நிறைமானியில் படித்து, ஆய்வகத்திலேயே செய்துகொள்வார்கள். அப்புறம் நண்டு தேவையில்லை.

ஆனால் கொல்வதைவிடத் தேர்ந்து கொல்வதுதான் கடினம். 2006இல் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு இதற்கு அழகான வழி காட்டியது. பல்சொத்தைக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் பாக்டீரியாக்கள் தங்களுக்குள் சேதி அனுப்பும் பெப்டைடில் ஒரு துண்டை எடுத்து, கொல்லும் பெப்டைடோடு இணைத்தார்கள். அந்தத் துண்டு மியூட்டன்ஸில் போய் ஒட்டியது; மியூட்டன்ஸ் செத்தது, வாயின் மற்ற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள் பெரும்பாலும் தப்பின.

விப்ரியோவுக்கு இதை அப்படியே செய்ய முடியாது. விப்ரியோ ஹார்வேயியின் சேதி மூலக்கூறுகள் பெப்டைடு அல்ல. வேறு பிடிமானம் வேண்டும். பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ்களின் மேற்பரப்பில், ஒன்றுக்கு ஒன்று மாறுபட்ட கோடிக்கணக்கான பெப்டைடுகளை ஏற்றலாம். அந்தத் தொகுப்பை முதலில் நல்ல பாக்டீரியாக்களோடு கலந்து, அவற்றில் ஒட்டுபவற்றைக் கழிக்க வேண்டும். மிச்சத்தை விப்ரியோவோடு கலந்து, ஒட்டுபவற்றை எடுத்துப் பெருக்க வேண்டும். சில சுற்றுகளில் விப்ரியோவை அடையாளம் காணும் துண்டுகள் தேறும். அதோடு நண்டின் கொல்லும் துண்டை இணைக்கலாம்.

இன்னொரு தடை, விப்ரியோ வெளிவிடும், புரதத்தை வெட்டும் நொதிகள். அவை பெப்டைடையே வெட்டிவிடும். சில அமினோ அமிலங்களை அவற்றின் கண்ணாடிப் பிம்ப வடிவத்தில் வைத்தால் வெட்டுவது கடினமாகும்; செலவும் ஏறும். கடைசியில் சோதிக்க வேண்டியது சுத்தமான தட்டில் அல்ல, குட்டைத் தண்ணீரில். விப்ரியோ குறைந்து மற்றவை அப்படியே இருக்கின்றனவா என்று டிஎன்ஏவைப் படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.